குச்சி உருவங்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள்: பள்ளி ஓவியப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் போட்டியை நடத்திய பெரியவர்களுக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்திய ஓவியப் போட்டியில் நடந்தது உங்களுக்கே தெரியும். பர்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் நான். என்னிடம் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாளை, மதிப்பெண்கூடப் போடாமல், "குச்சி குச்சியாகக் கிறுக்கி வைத்திருக்கிறது" என்று சொல்லி ஒதுக்கினீர்கள். அதையும் அவள் காதுபடவே சொன்னீர்கள். பரிசு யாருக்குப் போனது என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. குச்சி உருவம் வரைந்தால் அது ஓவியமே இல்லை என்று முடிவு கட்டினீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தாளை நின்று பார்த்தீர்களா? 'எங்கள் ஊர்த் திருவிழா' என்ற தலைப்புக்கு அவள் எருது விடும் விழாவை வரைந்திருந்தாள். மாடு ஓடிப்போய்விட்டது, தாளின் ஓரத்தில் வாலும் ஒரு பின்னங்காலும்தான் மிச்சம். தெருவின் இரு பக்கமும் நிற்கும் கூட்டம் மொத்தமும் மாடு போன திசையில் சாய்ந்திருக்கிறது. ஒருவர் விடாமல் எல்லாருக்கும் முதுகுக் கோட்டை அந்தப் பக்கமாகவே வளைத்திருந்தாள். நடுத்தெருவில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். அவன் கையைப் பிடித்து இழுப்பவனுக்கு முன்னங்கால் முட்டியில் மடங்கியிருக்கிறது, பின்னங்கால் விறைத்து ஊன்றியிருக்கிறது. பாரம் இழுக்கிறவன் அப்படித்தானே நிற்பான்? அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் பொடிசுக்கு மட்டும் உடம்புக்குத் தலை பெரிது. வளர்ந்தவர் உயரம் ஏழு, ஏழரைத் தலை அளவு, சிறு பிள்ளைக்கு அதைவிடக் குறைவு என்று ஓவியம் கற்பவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லாமல் கண்ணால் பார்த்தே அவள் அதைப் பிடித்திருக்கிறாள்.

குச்சி உருவம் என்பது என்ன? தலைக்கு ஒரு வட்டம், ஒரு முதுகுக் கோடு, மூட்டில் மடங்கும் கை கால்கள். முதுகை நிமிர்த்தினால் ஆள் நிற்கிறான், முன்னால் சாய்த்தால் ஓடுகிறான், கூன வைத்தால் மூட்டை சுமக்கிறான். ஆளை வரையப் பழகுகிறவர்களும் முதலில் இந்தக் கோடுகளைப் போட்டுத்தான் மேலே சதை வைக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மல்லப்பாடி நம் பர்கூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் இருந்து சண்டையிடும் வீரர்களை, கண், மூக்கு, சதை எதுவும் இல்லாமல் எளிய கோடுகளாலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாறை ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மல்லப்பாடியை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. கோட்டுக் கைகளும் கோட்டுக் கால்களுமாக, மகாராஷ்டிரப் பழங்குடி மக்களின் வார்லி ஓவியம் வரைந்த ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், எந்த நாட்டுக்காரரும் எந்த விளையாட்டு என்று புரிந்துகொள்ளட்டும் என ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் குழுவினர் அமைத்த குறிகளிலும் ஒரு வட்டத் தலையும் தடித்த கோடுகளும்தான். பாறையிலும் ஒலிம்பிக்கிலும் செல்லுபடியானது எங்கள் பிள்ளையின் தாளில் மட்டும் எப்படிக் கிறுக்கலாகும்?

அன்றிலிருந்து அவள் ஆட்களை வரைவதில்லை. "மிஸ், ஸ்கேல் வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், ஒரு ஓட்டு வீடு போடுகிறாள். மனுஷங்க யாரும் இல்லையா என்று கேட்டால், "எனக்கு மனுஷங்க வராது மிஸ்" என்கிறாள். முப்பது நாற்பது பேரை ஒரே தாளில் ஓடவிட்ட பிள்ளை அவள்! இதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பையனும் தான் வரைந்த ஆளை எச்சில் தொட்டு அழிக்கிறான். தாளே ஓட்டையாகிவிடுகிறது.

ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கென்று ஓர் ஆசிரியரைப் பார்ப்பது அரிது. ஸ்கெட்ச் பேனா பாக்கெட் வாங்கவே யோசிக்கும் வீடுகள் இவை. காசு கட்டி ஓவிய வகுப்புக்குப் போய், செல்போனைப் பார்த்து மயிலைப் பிசிறில்லாமல் நகலெடுக்கும் பிள்ளையையும், ஒரே பென்சிலோடு வருகிற பிள்ளையையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறீர்கள். வழவழப்புக்குத்தான் மதிப்பெண் என்றால், பென்சில் பிள்ளைகளை எதற்கு அழைத்தீர்கள்? பேச்சுப் போட்டியிலும் இதே கதைதான், பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் கோப்பை. சொந்தமாக யோசிக்கும் பிள்ளைக்கு நாம் எங்கேதான் இடம் வைத்திருக்கிறோம்?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த போட்டி அறிவிப்பில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை குச்சி உருவங்களும் ஓவியமாகவே மதிப்பிடப்படும் என்று ஒரு வரி சேருங்கள். எந்தப் பிள்ளையின் தாளையும் மதிப்பெண் போடாமல் ஒதுக்காதீர்கள். குறை சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளை போன பிறகு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அவளுடைய தாள் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர் ஒருவர்,
பர்கூர் வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்