பெயர் சொல்லாமல் உதவிச் சென்றவருக்கு நன்றி

கரடுமுரடான பாதைகளில் ஓடும் கேம்பர் வண்டியையே வீடாகவும் அலுவலகமாகவும் கொண்டிருக்கும் எனக்கு, மணல் பாதையோரம் தம் வண்டியை நிறுத்தி உதவிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் புறப்பட்டுவிட்ட பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பேட்டரி நிறைந்திருந்தும், மின்கெட்டிலைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் அலறிக்கொண்டு நின்றுவிடும். கூடவே என் வேலையும் நின்றுவிடும். அவர் வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்வெர்ட்டரின் நெகட்டிவிலும் வைத்துக்கொண்டு, கெட்டிலைப் போடச் சொன்னார். இடையிலுள்ள அந்த இணைப்பிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போயிருந்தது; அதனால்தான் போதிய வோல்ட் கிடைக்காமல் இன்வெர்ட்டர் நின்றிருக்கிறது. 12 வோல்ட் அமைப்பில் 1,000 வாட் சுமை 80 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், 0.01 ஓம் தடைகூட 0.8 வோல்ட்டை விழுங்கி, அந்த இணைப்பையும் சூடேற்றிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு மின்தொடர்பைத் துண்டித்து, குலுங்கலில் தளர்ந்திருந்த கேபிள் லக்கை (கேபிள் நுனியிலுள்ள உலோக இணைப்பை) கழற்றி, கறுத்துப்போன பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் வைத்து இறுக்கினார்.

கூலி என்று பேச்செடுத்ததற்கே முகம் சுளித்தார். போகிற போக்கில், மணலுக்காகக் குறைத்த டயர் காற்றைத் தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் நிரப்பும்படி சொல்லிச் சென்றார்.

ஐயா, அன்று மாலைக் காணொளிக் கூட்டம் தடையின்றி நடந்தது. இது தங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.