கம்பத்துச் சமூக நிலையம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலை 5 பிள்ளைகள் இந்தத் தவணையில் சிங்கப்பூரின் கம்பங்களில், அதாவது பழைய கிராமக் குடியிருப்புகளில், இருந்த சமூக நிலையங்களின் வரலாற்றைத் தொகுக்கிறார்கள். 1960 ஜூலை 1ஆம் தேதி அரசு அமைப்பான மக்கள் கழகம் அமைந்தபோது 28 நிலையங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது. பிறகு கிராமப்புறங்களிலும் பல எழுந்தன. பலகைச் சுவர், தகரக் கூரை, மேசைப்பந்து மேசை, வானொலி, நாளிதழ்கள் என்று எளிமையானவை. கம்பத்து மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனதும் அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. இனிச் சான்று என்பது தாத்தா பாட்டியின் நினைவும் உங்கள் அலமாரியில் உள்ள படங்களும்தான்.

"எந்த வருஷம்?" என்று பிள்ளை கேட்க வேண்டாம். பெரியவர் குத்துமதிப்பாக ஓர் ஆண்டைச் சொல்வார், அதுவே ஏட்டில் ஏறிவிடும். "தொலைக்காட்சி வருவதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்கட்டும். ஒளிபரப்பு தொடங்கியது 1963 பிப்ரவரி 15. பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக நிலையத்துக்குப் போய்த்தான் பார்த்தார்கள். ஆகவே அந்த இரவுகளைத் துருவிக் கேட்கலாம்: பெட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தது? சாவி யாரிடம்? பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? தமிழ் நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து போனார்களா, மலாய், சீன நிகழ்ச்சிகளையும் பார்த்தார்களா? இதற்கு முந்திய காலத்துக்கு 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தை அழித்த பெருந்தீ நல்ல அடையாளம். ஊர்ப்பெயரோடு, சாலையில் எத்தனையாவது மைல் என்பதையும் எழுதுங்கள். ஒரே சாலையில் பல கம்பங்கள் இருந்தன.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரைச்சலில் பேச்சு அமுங்கிவிடும். கைபேசிக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகு தொடருங்கள். 40 நிமிடம் போதும். அதற்குமேல் பெரியவர் களைத்துவிடுவார். நடுவே வரும் மலாய்ச் சொற்களைத் திருத்த வேண்டாம், அவை அந்தக் கம்பத்தின் பேச்சு.

படங்களில்தான் எனக்குக் கவலை அதிகம். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முதுகு கிழியும். கண்ணாடிச் சட்டத்தில் உள்ளது இன்னும் ஆபத்து: நம் ஊர் ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் முகமே போய்விடும். தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே எடுத்து வாருங்கள், பள்ளியில் ஸ்கேனரில் வருடி 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் பதிவோம். பெயர்களைப் படத்தின் பின்புறம் 2பி பென்சிலால் மெதுவாக எழுதலாம். பேனா முனை அழுந்தினால் முன்பக்கம் தடம் விழும். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. தனித் துண்டுத்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது.

படங்களை அடுத்த மாதம் முதல் வெள்ளிக்குள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பையில் போட்டு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்