அம்மாவுக்கு, டெல்லியிலிருந்து

டெல்லி,
ஜனவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் ஐயாவும் சுகமா? இங்கே காலை எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரிவதில்லை, அவ்வளவு புகார். நீங்கள் கட்டித் தந்த மிளகாய்த்தூள் முடியப் போகிறது. கரோல் பாக் தமிழ்க் கடையில் சாம்பார்ப்பொடி கிடைக்கும், எங்கள் தூள் கிடைக்காது.

வகுப்பில் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நடக்கிறது. கொல்லன் பட்டறையில் வளர்ந்த பிப் என்ற பெடியன், காசு வந்ததும் லண்டனுக்குப் போய்ப் பெரிய மனிதனாகப் பார்க்கிற கதை. மேடம் குறிப்பு எழுத விடுவதில்லை, படமாகக் கீறச் சொல்கிறார். நீளத் தாளில் 59 அத்தியாயங்களுக்கு 59 பெட்டி. கதையில் திரும்பத் திரும்ப வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: சதுப்பு நிலத்துப் புகாருக்குச் சாம்பல், 8.40இல் நிறுத்திவைத்த மணிக்கூடுகளுக்கு மஞ்சள், கைகளுக்குச் சிவப்பு.

நான் 'புகார்' என்று எழுதியதைப் பார்த்த மதுரைப் பிள்ளை, "யார் மேலே புகார்?" என்றாள். அவர்களுக்கு அது மூடுபனியாம். நோட்டை 'கொப்பி' என்றாலும் சிரிப்புத்தான். பிப்பும் சீட்டாடும்போது 'நேவ்' சீட்டை 'ஜாக்' என்று சொல்லி, பணக்கார வீட்டுப் பெட்டை எஸ்டெல்லாவிடம் நக்கல் வாங்குகிறான். அதே மூச்சில் அவன் கையும் முரடு என்கிறாள்.

அந்தக் கைகளில்தான் என் சிவப்புப் பென்சில் தேய்ந்தது. வக்கீல் ஜாகர்ஸ் ஆட்களை அனுப்பிவிட்டு வாசனைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார். அவர் வீட்டு வேலைக்காரி மொலியின் மணிக்கட்டில் தழும்பு. பின்னல் பின்னுவதுபோல அவள் விரல்கள் அசைவதைக் கண்டுதான், எஸ்டெல்லா யாருடைய மகள் என்று பிப்புக்குப் பிடிபடுகிறது. வாசிக்கும்போது எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. 8, 26, 48 என்று பெட்டிகள் சிவந்த பிறகுதான் ஒரே இழை என்று கண்டேன்.

19ஆம் பெட்டியில் நின்றுவிட்டேன். பிப் ஊரை விட்டுப் போகிற காலை. தன்னை வளர்த்த கொல்லன் ஜோ வண்டியடிக்கு வரவேண்டாம், தனியாகவே போகிறேன் என்கிறான். ஜோவோடு சேர்த்துத் தன்னைப் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஐயாவை வாசலோடு நிற்கச் சொன்னேனே, ஞாபகமா? உள்ளே சனம் கூட என்றேன். பொய் அம்மா. போயிலைக் கறை போகாத கையால் அவர் என் பெட்டியைத் தூக்கப் பார்த்தார்.

ஜோவின் கையை அந்த 19ஆம் பெட்டியில் கீறவேணும். முதலில் வெண்டிக்காய்க் கட்டு மாதிரி வந்தது. அப்புறம் ஐயாவின் கையை நினைத்துக் கீறினேன். நகக்கண்ணில் கறுப்பு, உள்ளங்கையில் மண்வெட்டிக் காய்ப்பு, சரி. கத்தி வெட்டிய அந்தத் தழும்பு ஆட்காட்டி விரலிலா, நடுவிரலிலா? ஏனென்று அவருக்குச் சொல்லாமல் பார்த்து எழுதுங்கோ.

அன்பு மகள்