2 மி.மீ. என்று அச்சடித்துவிட்டு 2.2 கொடுத்தால் எப்படி?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மருந்து வைக்காத உங்கள் கைவினைத் தீக்குச்சியில் 2,000 குச்சி பாக்கெட் இரண்டு போன மாதம் வாங்கினேன். அதைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு, பெட்டியின் உரசும் பக்கம் ஈரமாகியிருக்கலாம், உலர்ந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள் என்று பதில் போட்டீர்கள். ஐயா, என் குச்சிக்கு மருந்தும் கிடையாது பெட்டியும் கிடையாது, பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது. சரி, யாரோ அவசரத்தில் வேறு யாருக்கோ போக வேண்டிய பதிலை எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது பதில்தான் மறுபடியும் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "மரம் இயற்கைப் பொருள், சிறு வேறுபாடுகள் சகஜம்." அவ்வளவுதான், ஒரே வரி.

மரத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

நான் கட்டிக்கொண்டிருப்பது சாட்டர்ன் 5, நிலவுக்கு ஆட்களை ஏற்றிப்போன ராக்கெட். அசல் 110.6 மீட்டர் உயரம், நான் அதை 72-இல் ஒரு பங்காகச் செய்கிறேன், முடிந்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டி நிற்கும். அடியில் இருக்கும் ஐந்து எஃப்-1 இஞ்சின்களின் மணி போன்ற வாய்க்கு மட்டுமே ஐந்து வாரம் போனது, ஆனால் அதில் உங்கள் மேல் குறை இல்லை. பிரச்சினை உடம்பில். ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டத்தின் விட்டம் அசலில் 10.1 மீட்டர், என் மாதிரியில் 14 சென்டிமீட்டர். உள்ளே ஓர் அட்டைக் குழாய், அதைச் சுற்றிக் குச்சிகளை நிமிர்த்தி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். குழாயின் சுற்றளவு 428 மி.மீ., குச்சியின் அகலம் 2 மி.மீ., ஆக ஒரு சுற்றுக்கு 214 குச்சி. அப்படி 13 சுற்று, ஒன்றின் தலையில் இன்னொன்று, மொத்தம் 2,782 குச்சி. (1967-லிருந்து 1973 வரை அசல் ராக்கெட் பறந்ததும் 13 முறைதான், இது தானாக அமைந்தது.) கீழ்ச் சுற்றின் இடுக்கும் மேல்ச் சுற்றின் இடுக்கும் நேருக்கு நேர் சேர்ந்து, அடியிலிருந்து உச்சிவரை ஒரே கோடாக ஓடும். நான் பெயின்ட் அடிப்பதில்லை. அந்தக் கோடுகள்தான் அழகே, அசல் ராக்கெட்டிலும் இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் தகடு அப்படி நெடுக்குவாட்டில் மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் உங்கள் பழைய பாக்கெட்டுகளில் செய்தது. நன்றாகவே இருந்தது, அதனால்தான் திரும்ப உங்களிடமே வந்தேன்.

இரண்டாம் கட்டத்துக்குப் புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். அதே பை, அதே படம், அதே "2 மி.மீ. x 2 மி.மீ.". முதல் சுற்றை ஒட்டிக்கொண்டே போனால் 204-வது குச்சியிலேயே வட்டம் நிரம்பிவிட்டது. பத்துக் குச்சி கையில் மிச்சம். எண்ணியதில் தப்பு என்று நினைத்து இரண்டு தடவை எண்ணினேன், ராத்திரி பதினொரு மணிக்கு, பல் குத்தும் குச்சியை வைத்துத் தொட்டுத் தொட்டு. 204-தான்.

அப்புறம்தான் தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்தேன். புதுக் குச்சியை ஒரு பக்கமாகப் பிடித்தால் 2.0, கால் சுற்று திருப்பிப் பிடித்தால் 2.2. ஒன்றிரண்டு அல்ல, நூறு குச்சியைப் பொறுக்கி, எல்லாவற்றின் அகன்ற பக்கமும் ஒரே திசையில் வருமாறு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன், 220 மி.மீ. வந்தது. எல்லாவற்றையும் திருப்பி அடுக்கினால் 200. பழைய பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எப்படி அடுக்கினாலும் 200-தான், மிஞ்சினால் 201.

இங்கேதான் உங்கள் "இயற்கைப் பொருள்" அடிபட்டுப் போகிறது. இயற்கையான வேறுபாடு என்றால் ஒன்று கூடும், ஒன்று குறையும். நூறும் ஒரே அளவு, ஒரே பக்கம் மட்டும் கூடுமா? தீக்குச்சி எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டையைச் சுழலவிட்டு மெல்லிய தகடாக உரித்து, அந்தத் தகட்டைத்தான் குச்சியாக நறுக்குகிறார்கள். நறுக்கும் கத்தி சரியாக இருக்கிறது, உரிக்கும் கத்தி 0.2 தள்ளி நிற்கிறது, அல்லது தகடு வாங்கும் இடத்தை மாற்றிவிட்டீர்கள். எதுவானாலும் மரம் செய்த வேலை இல்லை அது. பசையின் ஈரத்தில் ஊதியிருக்கும் என்று அடுத்த பதில் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், நான் அளந்தவை பசையே படாத குச்சிகள், இரண்டு வாரம் அறையில் பையைத் திறந்துவைத்து உலர்த்திய பிறகு அளந்தவை.

எல்லாக் குச்சியையும் திருப்பி, 2.0 பக்கம் வரிசையில் வருமாறு ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். 0.2 வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொன்றையும் காலிப்பரில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும், ஒரு சுற்றுக்கு ஒரு முழு மாலை போயிற்று, இன்னும் ஏழு சுற்று பாக்கி. அப்படிச் செய்தாலும் பருமன் வெளிப்பக்கம் துருத்துகிறது. இரண்டு கட்டங்களும் அசலில் ஒரே விட்டம், விரல் நுனியால் தடவினால் அந்த விளிம்பு தட்டுகிறது. உப்புத்தாள் போட்டால் இடுக்குகள் மழுங்கி, கோடே அழிந்துவிடும். ராக்கெட் 6.6 மீட்டருக்குக் குறுகும் மூன்றாம் கட்டத்தில் இந்தப் புதுப் பாக்கெட் வந்திருந்தால் நடுவில் வரும் கூம்புக்குள் எல்லாவற்றையும் மறைத்திருப்பேன், உங்களுக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறீர்கள். பிரிக்காமல் எப்படி ஐயா அளப்பது?

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். இரண்டு பக்கமும் 2.0 இருக்கும் குச்சியில் இரண்டு பாக்கெட் அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன் கிடங்கில் யாரையாவது ஒரு நூறு குச்சியை இரண்டு விதமாகவும் அடுக்கி அளக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பழைய சரக்கு மிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் பையின் மேல் பேட்ச் எண்ணைப் போடுங்கள். அளவை மாற்றுவது உங்கள் இஷ்டம், மாறியது தெரிந்தால் பாதி வேலையில் வாங்காமல் இருப்போம், அவ்வளவுதான். 2.2 தான் இனி வரும் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு உறையில் புதுக் குச்சி இருபதும் பழைய குச்சி இருபதும் வைத்திருக்கிறேன், பழையதன் நுனியில் பேனா மை தொட்டிருக்கும். தயவுசெய்து உரசிப் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
முதல் கட்டத்தோடு நின்றுபோன உங்கள் வாடிக்கையாளர்