கண்ணு, நம்ம பழைய பத்து வீல் லாரியைப் பத்தி

சங்ககிரி

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். வண்டி விஷயத்துல உனக்கு இன்னும் பதில் சொல்லாம இருக்கேன். போன்ல பேசினா நீ ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, பாதியில நின்னு போகுது. அதான் உக்காந்து எழுதறேன்.

"எவ்வளவு ஆனாலும் நான் அனுப்பறேன்ப்பா, பத்து வீலைப் புதுசு மாதிரி பண்ணிடுங்க"ன்னு சொன்னே. கேட்கவே மனசு குளுந்து போச்சு. உன் படிப்பு, அக்கா கல்யாணம் எல்லாம் அந்த வண்டி ஓடின காசுதான். உனக்கு அது மேல இருக்கற பாசம் எனக்கும் இருக்கு. ஆனா வேண்டாம் சாமி. அதைச் சரி பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படி.

இன்ஜின் ஒரு பிரச்சினையே இல்லை. லைனர், பிஸ்டன், ரிங்ஸ் மாத்தி, கிராங்கைக் கிரைண்டிங் பண்ணி, பம்பையும் நாசிலையும் செட்டிங் பண்ணினா இன்னும் பல வருஷம் ஓடும். ஒண்ணே முக்கால் லட்சத்துல முடிச்சுத் தர்றேன்னு மெக்கானிக் சொல்றார். கேபின் டிங்கரிங், பாடி வேலை, டயர், கிளச், கிங் பின், பெயிண்டிங் எல்லாம் சேர்த்தா எட்டரை லட்சம் வருது. அவ்வளவும் போட்டு முடிச்சாலும் சந்தையில ஏழு லட்சத்துக்கு மேல யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா நான் வேண்டாங்கறது அதுக்காக இல்லை. ஓடற வண்டின்னா போட்ட காசு வாடகையில வந்துரும்.

இன்ஜினை மாத்தலாம். ஆர்சியில இருக்கற வருஷத்தை மாத்த முடியாதே! நம்மது 2011 மாடல். வெளி மாநிலம் போக வேண்டிய நேஷனல் பர்மிட் ஆறு வீலுக்கு 12 வருஷம், பத்து வீலுக்கும் அதுக்கு மேல இருக்கற வண்டிக்கும் 15 வருஷம், அவ்வளவுதான். இந்த வருஷத்தோட நம்மளுக்கு முடியுது. அப்புறம் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் ஓசூர் தாண்டக் கூடாது. நாசிக் வெங்காயம் கிடையாது, பெங்களூர் லோடு கிடையாது. இங்கிருந்து சிமெண்ட், ஈரோட்டு மஞ்சள், நாமக்கல் கோழிப் பண்ணைக்கு மக்காச்சோளம்னு உள்ளூரையே சுத்தணும். அந்த லோடுக்கும் இருக்கற வண்டிகளே வரிசையில நிக்குது. எஃப்சி, அதான் வண்டி ஓடத் தகுதின்னு வாங்கற சான்று, அது வேற வருஷா வருஷம் காட்டணும். 15 வருஷம் தாண்டின ஹெவி வண்டிக்கு எஃப்சி கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 12,500 ஆக்கினாங்க. வண்டிக்கு வயசு ஏற ஏற அதுவும் ஏறுது.

எடை இன்னொண்ணு. நம்ம ஆர்சியில மொத்த எடை 25 டன். 2018 ஜூலையில பத்து வீலுக்கு 28.5 டன்னுன்னு ஏத்திட்டாங்க. வாடகை டன் கணக்குல பேசறாங்க. அதே டீசல், அதே டோல், அதே டிரைவர் பேட்டா, ஆனா பக்கத்துல நிக்கற வண்டி மூணு டன்னுக்கு மேல சேர்த்து ஏத்திட்டுப் போகும். அதுக்குச் சமமா நாமளும் ஏத்தலாம்னு பார்த்தா ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000 ரூபாயும் ஃபைன். புக்கிங் ஆபீஸ்காரங்க ஃபோன் எடுத்ததும் எத்தனை டன் பாஸிங், அதாவது ஆர்சியில எத்தனை டன்னுக்கு அனுமதின்னுதான் கேட்கறாங்க.

இதெல்லாம் கணக்கு. பாசத்துக்காக நஷ்டத்தைத் தாங்கலாம்னு நீ சொல்வே, உன்னைத் தெரியும். அதனால பட்டறையில பார்த்ததையும் எழுதறேன்.

டெக் பலகையைக் கழட்டச் சொல்லி, பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்கு மேல, பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட் சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச் சட்டத்துல சேர்ற இடத்தை நானே உக்காந்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். மண்ணெண்ணெயைத் தடவி ஊற விட்டு, பனியன் வேஸ்ட்டால சுத்தமாத் துடைச்சு, மேல சாக்பீஸைப் பூசி விட்டோம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா, வெள்ளைப் பூச்சு மேல ரிவிட் ஓட்டையில இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஈரமா, கருப்பா ஒரு கோடு இறங்கியிருக்கு. விரல் நீளம் இருக்கும். உள்ளே ஊறின எண்ணெய் வெளிய கசிஞ்சு வந்து காட்டிக் குடுத்துருச்சு. சுத்தியால தட்டினா மத்த இடத்துல கணீர்னு கேட்குது, அங்க மட்டும் சத்தம் அமுங்குது. எதிர்ப்பக்கச் சட்டத்துலயும் அதே இடத்துல சின்னதா ஒரு விரிசல் விட ஆரம்பிச்சிருக்கு.

பிளேட் வெச்சு வெல்டிங் அடிச்சா தாங்கும்னுதான் பட்டறையில சொல்றாங்க. காலி வண்டிக்குத் தாங்கும். லோடோட ஆடும்போது வெல்டிங் வெச்ச இடத்தை ஒட்டியே திரும்ப விடும், அதை நான் நிறையப் பார்த்திருக்கேன். தர்மபுரியில இருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கம் உனக்குத் தெரியும். சின்ன வயசுல அங்க வந்தாலே என் தோளைப் புடிச்சுக்குவே. முழு லோடோட கியர்ல இறங்கற வண்டியில பிரேக், பட்டை, சேசிஸ் மூணும் சேர்ந்துதான் உயிரைக் காப்பாத்துது. நம்ம டிரைவர் தம்பிக்குப் பச்சைக் குழந்தை இருக்கு. பெயிண்டுக்குக் கீழ ஒட்டுப் போட்டது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதுன்னு வெச்சு சாவியைக் குடுக்க என்னால முடியாது கண்ணு.

சரி, புதுசு எடுக்கலாமான்னு கேட்டே. 2025 செப்டம்பர் 22-ல லாரிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சு, நல்ல இறக்கம்தான். அந்த வருஷத்துல இருந்து தயாராகற ஹெவி வண்டிக்கெல்லாம் கேபின்ல ஏசி கட்டாயம். அதை நான் மனசார வரவேற்கறேன். சித்திரை வெயில்ல இன்ஜின் சூட்டோட உக்காந்து ஓட்டினவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். ஆனா பாடியெல்லாம் கட்டி முடிக்கறப்ப நாப்பது லட்சத்தை ஒட்டி வந்துரும்ங்கறாங்க. புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற பிஎஸ்-6 வண்டியில சென்சார் ஒண்ணு போனாலும் லேப்டாப் மாட்டிப் பார்க்கணும், நடு ரோட்டுல நம்ம மெக்கானிக்கை வரவெச்சு ஒண்ணும் ஆகாது. அத்தனையும் பழகிக்கலாம். மாசா மாசம் அந்த டியூவை உன் சம்பளத்துல கட்டறேன்னு சொன்னே பாரு, அதுதான் எனக்கு ஒத்து வரலை. நீ வீடு கட்டணும், உனக்குன்னு குடும்பம் வரணும். மஸ்கட் வெயில்ல நீ சம்பாதிக்கறது இங்க டயருக்கும், புகையைச் சுத்தம் பண்ண ஊத்தற ஆட்ப்ளூவுக்கும் போக வேண்டாம்.

அதனால நடுவுல ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். 2019 மாடல் பிஎஸ்-4, செகண்ட்ஸ். 2017 ஏப்ரல்ல இருந்து 2020 மார்ச் வரைக்கும் வித்ததெல்லாம் பிஎஸ்-4. அதுல லேலண்டுன்னா ஐஇஜிஆர்ங்கற புகைக் கட்டுப்பாட்டு முறை போட்டது, ஆட்ப்ளூ ஊத்தற வேலை இல்லை. 2018 ஜூலைக்கு அப்புறம் வந்ததுல 28.5 டன் பாஸிங் இருக்கறதாப் பார்த்து எடுக்கணும். 2015 அக்டோபருக்கு அப்புறம் வந்த ஹெவி வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம், தொப்பூருக்கு அதுவும் ஒரு தைரியம். நேஷனல் பர்மிட் 2034 வரைக்கும் கிடைக்கும். விலை பதினேழுல இருந்து பத்தொம்பது லட்சம் வரைக்கும் சொல்றாங்க, பேசினா குறையும்.

செகண்ட்ஸ்னா பயம் இல்லாம இல்லை. காலையில இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்ப்பேன். ஆயில் மூடியைத் திறந்தா புகை தள்ளுதான்னும் பார்ப்பேன். கிளச் பெடல் ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்தா மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர் காட்டுதுன்னு கேட்கவே வேண்டாம். சேசிஸுக்கு அதே மண்ணெண்ணெயும் சாக்பீஸும்தான். ஃபைனான்ஸ்காரங்க சீஸ் பண்ணின வண்டி மலிவா வருது. ஆனா ஆர்சியில இருக்கற எச்பி, அதாவது ஃபைனான்ஸ் அடமானப் பதிவு கேன்சல் ஆகாம, கடன் தீர்ந்துதுன்னு ஃபைனான்ஸ்காரங்க குடுக்கற ஃபார்ம் 35 கைக்கு வராம ஒரு ரூபாய் அட்வான்ஸ் குடுக்க மாட்டேன்.

பழசை வெல்டிங் அடிச்சு, பெயிண்ட் அடிச்சுத் தந்தா ஆறு லட்சத்துக்கு எடுத்துக்கறேன்னு செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் வந்து கேட்டார். விரிசலைக் காட்டினேன். பரவால்லைன்னார். எனக்குப் பரவால்லைன்னு இல்லை. எந்தப் புள்ளை ஓட்டினாலும் புள்ளைதானே! அரசு பதிவு பண்ணின ஸ்கிராப் சென்டர்ல குடுத்து, சர்டிஃபிகேட் வாங்கி, ஆர்சியை ரத்து பண்ணிடலாம்னு இருக்கேன். காசு கம்மிதான். ஆனா நம்ம பேர்ல இருந்த வண்டி எங்கயாவது யாரையாவது இடிச்சுதுன்னு ராத்திரி ஃபோன் வராது. அம்மாவுக்கும் இதுதான் சரின்னு படுது.

பணத்துக்கு இப்படி: அம்மா சீட்டு எடுத்தது இருக்கு, ஸ்கிராப்ல வர்றது இருக்கு. ஏழு லட்சம் ஃபைனான்ஸ் போட்டா லோடு ஓட்டியே டியூ கட்டிடலாம். குறையறது நாலு லட்சம். அதை மட்டும் நீ குடு, கடனாத்தான். வேண்டாம்னு சண்டை போடாதே.

ஆடியில வண்டி எடுக்கக் கூடாதுங்கறா அம்மா. உன் லீவு ஆனிக்குள்ள வருமான்னு கேட்டுச் சொல்லு, வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பேசலாம். நாமக்கல்ல ஒண்ணு, பவானியில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டு வண்டி நம்பரையும் தங்கச்சி வாட்ஸப்புல அனுப்புவா. அரசோட வண்டிப் பதிவு விவரம் இருக்கற வாகன் தளத்துல போட்டு, எச்பி யார் பேர்ல இருக்கு, செல்லான் பாக்கி ஏதாவது நிக்குதா, எஃப்சி எப்ப முடியுதுன்னு பார்த்து எழுது.

இப்படிக்கு,
அப்பா