குளிக்க முடியாத அருவி

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். போனில் தினமும் பேசுகிறோம்தான். ஆனாலும் நேற்றுப் பார்த்ததை உங்களுக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டாம்போரின் மலைக்குப் போயிருந்தோம். காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே சீடர் ஓடையில் கர்ட்டிஸ் அருவி இருக்கிறது. நடை போக வர ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், பாப்பாவே முழுக்க நடந்துவிட்டாள். நமக்கு ஆனி ஆடியில் சாரல் என்றால் இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை கோடையும் மழையும் சேர்ந்தே வரும்.

சாலையில் வெயில் கொளுத்தியது. கொஞ்சம் படி இறங்கியதும் இருட்டு, ஈரம், மக்கிய இலை வாசனை. அண்ணாந்து பார்த்தால் நம் கமுகு! பிறகுதான் தெரிந்தது, இது இந்த மண்ணின் பிக்கபீன் பனையாம். தண்டும் ஓலையும் அப்படியே கமுகுதான், அப்பா. இன்னொரு மரத்தை அத்தி வளைத்து இறுக்கியிருந்தது, வாய்க்கால் கரைப் பனையில் ஆல் பிடித்திருக்குமே, அதுபோல. கொட்டும் மரம் ஒன்றும் இந்தக் காடுகளில் உண்டு. நம் செந்தட்டி அதற்குமுன் ஒன்றுமில்லை. பட்டால் மாதக்கணக்கில் வலிக்குமாம். பாப்பாவின் கையை விடவேயில்லை.

ஓரிடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு இலைக்குப்பை மேடு. அதைக் கட்டும் பறவையைப் புதர்க்கோழி என்று சொல்லலாம், கறுப்பு உடம்பு, சிவந்த மொட்டைத் தலை. அது கால்களால் குப்பையைச் சீய்த்துச் சேர்த்துக்கொண்டே இருந்தது. பெட்டை அதற்குள் முட்டையிட்டுப் போய்விடும், அடைகாக்காது. இலை மக்கும் சூட்டிலேயே குஞ்சு பொரியும். சூடு போதுமா என்று சேவல் அலகை உள்ளே விட்டுப் பார்க்கும். அதிகமானால் குப்பையைத் தள்ளும், குறைந்தால் மேலே போடும். எருக்குழியில் முழங்கைவரை கையை விட்டு "இன்னும் வேகலை" என்பீர்களே, அந்த நினைவுதான் வந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அருவி பெரிதில்லை, ஐந்தருவியின் ஒரு கிளை அளவு இருக்கும். பின்னால் தூண்களை நெருக்கி நட்டதுபோல் கரும்பாறை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது, 2 கோடி ஆண்டுக்கும் முந்தையது. மேடையில் நின்று பார்க்கலாம், குளிக்கக் கூடாது. முதலில் எனக்கு மனசே ஆறவில்லை. அருவிக்குப் போய்த் தலை நனையாமல் திரும்புவதா? ஆனால் மேலே சுற்றிலும் வீடும் கடையுமாக இருக்கிறது, மிஞ்சியது துண்டு துண்டான காடுதான். இந்த மலையில்தான் 1908-இல் குயின்ஸ்லாந்தின் முதல் தேசியப் பூங்காவையே ஒதுக்கினார்கள். ஓடையில் பிளாட்டிபஸ் இருக்கிறது, முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிராணி. சோப்பும் எண்ணெயும் கலக்காத தண்ணீரைப் பார்த்தபோது, சரி, இது இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

திரும்பும்போது பாப்பா, "தாத்தா ஊர் அருவியில குளிக்கலாம்ல?" என்றாள். ஆடியில் வருகிறோம், அப்பா. அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்