அன்னிக்கு பால் கொட்டுனதப் பத்தி

ஐயா, பஸ் காலைல ஏழு மணிக்கெல்லாம் கோவில்பட்டி வந்துருச்சு, அப்பா ஸ்டாண்டுக்கே வந்து நின்னாரு. ரெண்டு நாளா நீ போன் பண்ணா சாப்பிட்டியா தூங்குனியான்னு எதையாவது பேசிட்டு வச்சிடுறேன், சொல்ல வேண்டியது தொண்டையிலயே நிக்குது, அதான் டைப் பண்றேன். நீளமா இருக்கும், ஆபீஸ்ல வச்சு படிக்காத.

புதன்கிழமை ராத்திரி பாப்பா உன் லேப்டாப் மேல பாலக் கொட்டுனால்ல, அவ முதுகுல நீ வச்ச அடி இன்னும் என் காதுல கேக்குது. நான் ஒன்னும் சொல்லல. எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு சொல்ல, தோசைக்கரண்டியாலயே உன்ன வளத்தவ நான். பால்வாடில அத்தன பிள்ளைங்கள கை ஓங்காம பாத்துக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்ன வெளுப்பேன், ஊரே என்ன தங்கமான டீச்சர்னு சொல்லும். அப்பா லாரி எடுத்துட்டு போனா பத்து நாள் ஆள் இருக்காது, கையில காசு இருக்காது, நீ தட்டுல சோறு மிச்சம் வச்சா போதும் கரண்டி வந்துரும். கோவம் வேற யார் மேலயோ, அடி உனக்கு.

மறுநாள் நடந்தது உனக்கு தெரியாது. பாப்பா ஸ்கூல் வேன்ல இருந்து இறங்குனதும் என் சேலைய புடிச்சு இழுத்து காதுல சொல்றா, "பாட்டி ஒன்னு தொலைஞ்சுபோச்சு, அப்பாட்ட சொல்லாதீங்க, அடிப்பாரு". என்ன பொருள்னு கடைசில சொல்றேன், கேட்டா நீயே சிரிப்ப. நானும் சிரிச்சேன். அப்புறம் தான் வயித்த கலக்குச்சு, இத்தனூண்டு விஷயத்தையே மறைக்கிறவ நாளைக்கு வேன்லயோ படிக்கட்டுலயோ எவனாவது கைய வச்சா உன்கிட்ட வந்து சொல்லுவாளா?

பிள்ளைங்கள பாலியல் தொந்தரவுல இருந்து காப்பாத்துறதுக்கு போக்சோ சட்டம் 2012ல வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்களுக்கு ட்ரெயினிங் போட்டாங்க. அதுல சொன்ன கணக்கு ஒன்னு மறக்கவே இல்ல. மத்திய அரசு 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, 13 மாநிலத்துல 12,000 பிள்ளைங்களுக்கு மேல கேட்டிருக்காங்க, நூத்துக்கு 53 பிள்ளைங்க ஏதோ ஒரு விதத்துல பாலியல் தொந்தரவு பட்டிருக்குன்னு வந்துச்சு, செஞ்சவன்ல பாதிப்பேர் பிள்ளைக்கு நல்லா தெரிஞ்ச ஆளு. ஆம்பளப் பிள்ளைங்க கொஞ்சம் கூடவே இருந்துச்சு, அதனால நாளைக்கு உனக்கு பையன் பொறந்தாலும் அசால்ட்டா இருக்காத. அதே ஆய்வுல இன்னொன்னு, குடும்பத்துக்குள்ள அடிபட்ட பிள்ளைங்கள்ல நூத்துக்கு 88 பேர அடிச்சது அப்பா அம்மாவே. இத கேட்டப்ப நான் தலைய தூக்கல.

முத்தம் விஷயமும் இருக்கு. பாப்பா எனக்கு முத்தம் தரமாட்டேன்னா, நான் மூஞ்ச தூக்கி வச்சேன், நீ முத்தம் குடுத்தா தான் செல்போன் தருவேன்னு அவள மிரட்டுன. ரெண்டு பேரும் பண்ணது தப்பு. பாட்டிகிட்டயே வேண்டாம்னு சொல்ல முடியாதவ வேற யாருகிட்ட சொல்லுவா. உடம்புல எல்லா இடத்துக்கும் பேரு சொல்லிக்குடு, வெக்கப்படாத, மருமக டாக்டர்கிட்ட பேசுற மாதிரி சாதாரணமா சொன்னா போதும். "இத யாருகிட்டயும் சொல்லாத"ன்னு பெரியவங்க யாரு சொன்னாலும், அது சாக்லேட் குடுத்ததா இருந்தாலும், உடனே வந்து சொல்லணும்னு பழக்கு.

அப்படி எதாவது சொன்னா கத்தாத, திருப்பித் திருப்பி கேக்காத, நீ ஏன் அங்க போனன்னு மட்டும் கேட்டுறாத. நம்பு. பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணு, எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. பிள்ளைய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு போகணும்னு பயப்பட வேண்டாம், முடிஞ்சவரைக்கும் லேடி எஸ்ஐ யூனிஃபார்ம் இல்லாம வீட்டுக்கே வந்து கேக்கணும்னு சட்டத்துல இருக்கு. நம்ம சொந்தக்காரன்னு மூடி மறைச்சா அதுவே குத்தம்.

இப்ப நான் ஒன்னு கேக்கணும். ஆறாவது படிக்கும்போது டியூஷன் போகமாட்டேன்னு வாசப்படிய புடிச்சுக்கிட்டு அழுத, நான் அடிச்சு அனுப்புனேன். ஏன்னு கேக்கவே இல்ல. அப்புறம் நீயே எப்படியோ அந்த டியூஷன நிறுத்திட்ட. ஒன்னும் இல்லாமலும் இருக்கலாம், கணக்கு வராம கூட அழுதிருப்ப. இருந்தா சொல்லு, போன்ல வேண்டாம்னா எழுது, சொல்லணும்னு தோணலன்னாலும் சரி.

அந்தக் காலத்துல எதிர்வீட்டு ஆச்சி இருந்தா. என் சத்தம் கேட்டதும் விறுவிறுன்னு வந்து "பிள்ளைய குடு, நீ போயி தண்ணி குடி"ன்னு உன்ன தூக்கிட்டு போயிருவா, முக்கா மணி நேரம் கழிச்சு வந்தா ரெண்டு பேரும் தூங்கிட்டு இருப்பீங்க. பல அடி உனக்கு மிச்சமானது அவளால தான். பெங்களூர்ல உங்க மாடில பக்கத்து வீட்டுக்காரன் பேரு கூட உனக்கு தெரியல. நீயும் மருமகளும் மாறி மாறி ஷிப்ட் பாத்து தூக்கமில்லாம கிடக்குறத பாத்தேன். மாசம் பத்து பதினஞ்சு நாள் நான் வந்து இருக்கேன், அப்பா ரசம் வைக்க பழகட்டும். அதுவரைக்கும் கை துறுதுறுன்னு வந்தா பாப்பாவ மருமககிட்ட விட்டுட்டு மாடிக்கு போயிரு, இல்ல எனக்கு போன் போடு, நடு ராத்திரியானாலும் எடுப்பேன்.

கடலைமிட்டாய் கூரியர்ல போட்டிருக்கேன், ரெண்டு பாக்கெட், ஒன்னு பாப்பாவுக்கு மட்டும்.

அவகிட்ட நான் சொல்லிட்டு வந்தேன், "அப்பாட்ட பாட்டியே சொல்றேன், அடிக்க மாட்டாரு பாரு"ன்னு. வாட்டர் பாட்டில் மூடி தொலைஞ்சுபோச்சு ஐயா. நீலக் கலரு.

அம்மா